தரை டிக்கெட்

டெல்லி துவாரகாவில் இருட்டு கிடைப்பதில்லை. குடியிருப்பின் சுற்றுச்சுவர் நெடுக எல்இடி விளக்குகள், கார் நிறுத்துமிடத்தில் ஃப்ளட்லைட், வெளியே சாலையில் உயரக் கம்பங்கள், எதிர் பிளாக்கின் பால்கனிகளில் ஆளுக்கொரு பல்பு. எங்கள் சொசைட்டியின் பின்பக்கத் தோட்டத்தில் நான்கு பக்கமும் திறந்த மண்டபம் ஒன்று இருக்கிறது. அதில் திரை கட்டிப் படம் போடலாம் என்று முடிவானதும், ப்ரொஜெக்டரைத் தேடுவதற்கு முன்னால் இருட்டைத்தான் தேட வேண்டியிருந்தது.

மன்னார்குடிப் பக்கத்தில் நான் வளர்ந்த ஊரில் இருட்டுக்குப் பஞ்சமே இல்லை. படம்தான் அரிது. தை அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் வயலில் மூங்கில் நட்டு, கீற்றுத் தட்டி அடைத்து, மேலே கூடாரத் துணியை இழுத்துக் கட்டினார்கள் என்றால் டூரிங் டாக்கீஸ் வந்துவிட்டது. 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்குக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமம். காலம் முடிந்ததும் பிரித்து வண்டியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு படம் எங்களை வந்தடைய எத்தனை காரியம் கூடிவர வேண்டும்! படப்பெட்டி பஸ்ஸில் வர வேண்டும். ஆயில் எஞ்சின் மக்கர் பண்ணாமல் ஓட வேண்டும். இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு நடுவே எரியும் வெளிச்சத்தை ஆபரேட்டர் கண்ணிமைக்காமல் காத்துக்கொண்டிருக்க வேண்டும். ப்ரொஜெக்டர் ஒன்றே ஒன்று என்பதால், 2000 அடி ரீல் 22 நிமிடத்தில் ஓடி முடிந்ததும் படம் நிற்கும். விளக்கு எரியும். முறுக்கும் கலரும் விற்கிறவர்கள் தரை டிக்கெட் ஜனங்களுக்கு நடுவே கால்வைக்க இடம் பார்த்து வருவார்கள். முன்னால் உட்கார்ந்தவர் தலை மறைக்கிறது என்று மணலைக் குவித்து மேடாக்கிக்கொள்கிறவர்கள் அந்த நேரத்தில்தான் மேட்டைச் சரிசெய்வார்கள்.

கீற்றுத் தட்டி, காசு கொடுக்காதவர் கண்ணைத்தான் தடுத்தது. காதை யாரும் தடுக்கவில்லை. கொட்டகை உச்சியில் கட்டிய புனல் ஸ்பீக்கர் சுற்றுப்பட்டு ஊர்களையெல்லாம் கூப்பிட்டது. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டால் சீட்டுக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்து பெண்கள் உலையை இறக்குவார்கள். என் அத்தை சிறு வயதிலேயே கணவரை இழந்தவர்; கொட்டகைக்குப் போகக் கூடாது என்பது வீட்டுக் கட்டுப்பாடு. இரண்டாம் ஆட்டம் முடியும்வரை திண்ணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பார்த்துவிட்டு வந்த எங்களைவிட வசனம் அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். "அந்த எடத்துல அவ அழுதாளாடா, சும்மா நின்னாளா?" என்று மட்டும் கேட்பார். காதால் மட்டும் பார்த்த எத்தனையோ படங்களை அவர் எங்களுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறார். ஊரே கேட்கும்படி அலறிய அந்த ஸ்பீக்கரை இன்றைக்கும் நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

துவாரகாவில் நிலைமை தலைகீழ். மண்டபத்துக்குச் சுவரே இல்லை. எட்டாவது மாடியிலிருந்தும் திரையைப் பார்க்கலாம், யாரும் காசு கேட்கப் போவதில்லை. ஆனால் சத்தம் மண்டபத்தைத் தாண்டக் கூடாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. இந்த விதி நியாயமானது. மேல்மாடியில் நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கும் இடத்தில் அதை மீற எனக்கு மனமில்லை. அதனால் திரைக்குப் பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் வைக்கும் யோசனையைக் கைவிட்டு, உட்காருகிறவர்களுக்கு இருபுறமும் கையெட்டும் தூரத்தில் சிறிய ஸ்பீக்கர்களை வைத்தோம். ஒலி பயணப்பட வேண்டிய தூரம் குறைந்தால் அளவையும் குறைக்கலாம். ப்ளூடூத் வேண்டாம், வயர்தான் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ப்ளூடூத்தில் ஒலி ஒரு நொடியின் சிறு பகுதி பிந்தும். நாகேஷ் வாய் மூடிய பிறகு வசனம் வந்தால் அந்த நகைச்சுவை செத்தது. செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் நல்ல செம்பு வயர் கிடைத்தது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். இரண்டு தூண்களுக்கு நடுவே 120 அங்குலத் திரை: அகலம் 2.66 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர், பரப்பு 43 சதுர அடி. 2000 லூமென் ப்ரொஜெக்டரின் வெளிச்சத்தை அதன்மேல் விரித்தால் சதுர அடிக்கு 46 லூமென். சினிமா தியேட்டருக்கான தரமே 14 முதல் 16தான். அப்படியானால் தியேட்டரைப் போல மூன்று மடங்கு பிரகாசம், அல்லவா? கணக்கு சரி, படம் சரியில்லை. திரையில் கறுப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது, வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. அங்கே தெருவிளக்கு விழுந்தால் அது சாம்பலாகிவிடும். இரவுக் காட்சியில் யார் வந்தார், யார் போனார் என்று தெரியாது. இதற்கு இன்னும் விலைகூடிய ப்ரொஜெக்டர் தீர்வே அல்ல. திரையின் முதுகைத் தெருவிளக்குப் பக்கம் திருப்பினோம், பின்னால் ஜன்னல் திரைக்குப் போடும் தடித்த பிளாக்கவுட் துணியைத் தைத்தோம், படம் ஓடும் நேரத்துக்கு மட்டும் தோட்டத்து விளக்குகளை அணைக்க நிர்வாகக் கமிட்டியிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். யாராவது இப்படி அமைக்க நினைத்தால் ஒன்று சொல்வேன்: பெட்டியில் பெரிதாக அச்சிட்ட லூமெனைப் பார்க்காதீர்கள், முறைப்படி அளந்த ஆன்சி லூமென் எவ்வளவு என்று கேளுங்கள். திரையை விறைப்பாகக் கட்டாதீர்கள். காற்று வீசினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் ரப்பர் கயிறுதான் அதைக் காப்பாற்றும்.

நடுவில் இன்னொரு காலமும் இருந்தது. 1982 ஆசிய விளையாட்டை ஒட்டி தூர்தர்ஷன் கலருக்கு மாறியதற்குப் பின், ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் ஒரு டிவி, அதைச் சுற்றி நாலு குடும்பம், ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம். தமிழின் முறை வரும் ஞாயிறன்று சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடும்.

அன்றைக்கு எங்களிடம் இருந்ததெல்லாம் நேரம். இன்றைக்கு ப்ரொஜெக்டர் கைப்பையில் அடங்குகிறது, நேரம்தான் அகப்படவில்லை. ஜூன் மாதம் டெல்லியில் சூரியன் மறைய 7.20 ஆகிறது, நன்றாக இருட்ட 8. பத்து மணிக்கு நிறுத்திவிட வேண்டும் என்றால் பெரும்பாலான தமிழ்ப்படங்கள் அதற்குள் அடங்காது. போதாததற்குப் புழுதிக்காற்று. டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டு, ஆனால் வெளியே உட்கார முடியாத குளிர். நவம்பரில் ப்ரொஜெக்டரின் ஒளிக்கற்றை புகையில் தெளிவாகத் தெரியும். அந்தக் காற்றில் குழந்தைகளை மூன்று மணி நேரம் உட்காரவைப்பது பாவம். பிப்ரவரி, மார்ச் வானிலை அருமை, ஆனால் போர்டு பரீட்சை. உடனே கைக்கெட்டியது அக்டோபர். அதிலும் நவராத்திரி, துர்கா பூஜை, பத்தாம் செக்டர் மைதானத்து ராம்லீலா. இவற்றுக்கு இடையில் ஒரு சனிக்கிழமையைக் கண்டெடுத்தோம். படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்குவதையும் மறக்கவில்லை. எல்லாரையும் கூட்டிவைத்துப் போடுவது வீட்டுக்குள் பார்ப்பதைப் போன்றதன்று.

ஆட்கள் வருவார்களா என்பதுதான் பெரிய கவலை. ஆளுக்கொரு போன், அதில் ஆளுக்கொரு படம். சாமிக்கண்ணு வின்சென்டை நினைத்துக்கொண்டேன். திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த அவர், 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, கூடாரமும் கையுமாக வடக்கே லாகூர், பெஷாவர் வரை போனவர். மொழி தெரியாத ஊர்களில் திரைக்கு முன்னால் ஜனங்களை உட்காரவைத்த தமிழர். துவாரகாவில் பஞ்சாபிகளையும் பீகாரிகளையும் மலையாளிகளையும் கூட்டுவதற்கு நான் தயங்குவதா?

'காதலிக்க நேரமில்லை' போட்டோம். ஆங்கில சப்டைட்டில் வேண்டும் என்று நான் வற்புறுத்தியது நல்லதாயிற்று. விமானம் தலைக்குமேல் தாழப் பறந்து வசனத்தை விழுங்கியபோது எங்களுக்கே அது தேவைப்பட்டது. முதலில் நாற்காலிகள் பாதி காலி. பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி வந்தது. மூன்றாவது மாடி பஞ்சாபி ஆன்டி திடீரென்று எழுந்து நின்று, "அரே, இது 'பியார் கியே ஜா' ஆச்சே!" என்று கத்தினார். 1966இல் அதே காட்சியை இந்தியில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் நடித்திருந்தார்கள். அடுத்து என்ன வரும் என்று அவர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லத் தொடங்க, சிரிப்புச் சத்தம் கேட்டுப் பால்கனிகளில் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் லிஃப்டில் இறங்கி வரத் தொடங்கினார்கள். நாற்காலிகள் தீர்ந்ததும் பிள்ளைகள் தரையில் ஜமக்காளத்தை விரித்தார்கள். காவலுக்கு இருக்கும் பீகார் தம்பி, தன் ஊர்க் கல்யாணங்களில் வாடகை டிவியும் வீடியோவும் கொண்டுவந்து விடிய விடியப் படம் போட்ட கதையைச் சொன்னார். கேட்டிலிருந்தபடியே தலையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரை யாரோ காவலில் மாற்றிவிட்டு உட்காரவைத்தார்கள்.

ஒன்பதரைக்கு முடிந்தது. டெசிபல் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. மறுநாள் காலை, படுக்கையை விட்டு எழுந்து வர முடியாத எண்பது வயது மாமிக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம் என்று அவர் மருமகள் வருத்தப்பட்டார். அவர்கள் வீடு மண்டபத்துக்கு நேர் எதிரே முதல் மாடி. அத்தையை நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை அந்தப் பால்கனிக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துச் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த படம் 'பியார் கியே ஜா'. தேர்ந்தெடுத்தது ஆன்டி. ஏப்ரலில், பரீட்சைகள் முடிந்ததும், ஏழு மணிக்கு.