ஆல்ட்டோவுக்கு யானைக் குரல்

கேகாலையில் இருந்துகொண்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசைப்படுவது ஒன்றும் குற்றமில்லை. வாங்க நினைப்பதில்தான் சிக்கல். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த வழியில் முதலில் வந்து நின்றது வரி. ஆகவே நம் ஊர் இளைஞர், இருக்கிற 796 சீசீ ஆல்ட்டோவையே ஸ்போர்ட்ஸ் காராக்கி விடுவது என்று முடிவு கட்டுகிறார். பின்னால் ஒரு ஸ்பாய்லர், பக்கவாட்டில் நெருப்பு பறக்கும் ஸ்டிக்கர், கடைசியாக சைலன்சர். முதல் இரண்டும் பிடிக்காதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மூன்றாவது, பார்க்காதவர்களையும் தேடி வரும். இந்த மூன்றாவதைப் பற்றித்தான் என் வழக்கு. குறைந்த செலவில் இன்ஜின் சத்தத்தை இனிமையாக்க முடியும். ஆனால் எல்லோரும் முதலில் கைவைக்கிற சைலன்சரில் அந்த இனிமை கிடைக்காது.

இன்ஜினின் குரல் பிறப்பது சிலிண்டரில். ஆல்ட்டோவுக்கு மூன்று சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தால், நொடிக்கு 20 வெடிப்பு, அதாவது 20 ஹெர்ட்ஸ். பின்னவல யானைகள் தூரத்துச் சொந்தங்களோடு பேசும் அடித்தொண்டை உறுமலும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆசிய யானையின் உறுமல் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை என்று 1980களில் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். கணக்குப்படி பார்த்தால் நின்றுகொண்டிருக்கும் ஆல்ட்டோ ஒரு யானை. ஆனால் அதைக் கேட்டு யாரும் வழிவிட்டதாகத் தெரியவில்லை. அவ்வளவு தாழ்ந்த ஒலியை வெளியே தள்ளப் பெரிய உடம்பு வேண்டும். இரண்டு விரல் நுழையும் குழாயால் அது ஆகாது. அடித்தொண்டை காற்றோடு போய்விட, அதன் மேலே ஏறி வரும் கரகரப்பு மட்டும் நம் காதுக்கு மிஞ்சுகிறது. சரி, யானை வேண்டாம், லெக்ஸஸ் எல்எஃப்ஏ ஸ்போர்ட்ஸ் காரைப் போலப் பாடட்டும் என்றால் அதற்கும் கணக்கு உண்டு. அந்தக் காருக்குப் பத்து சிலிண்டர். 9,000 சுற்றில் நொடிக்கு 750 வெடிப்பு. ஆல்ட்டோ அந்த சுருதியைப் பிடிக்க நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்ற வேண்டும். சுற்றினால் கார் மாவனெல்லயில் நிற்கும், பிஸ்டனை ரம்புக்கனையில் போய்ப் பொறுக்க வேண்டும்.

சைலன்சரை வெட்டுவதால் என்ன நடக்கிறது? அதற்குள் இருப்பது அறைகளும், துளையிட்ட குழாயும், பல வண்டிகளில் அதைச் சுற்றி அடைத்த கண்ணாடிப் பஞ்சும். பஞ்சு நன்றாகக் குடிப்பது உயர்ந்த ஒலிகளை, அதாவது அந்தக் கரகரப்பை. கராஜில் பாஸ் அதை வெட்டி எடுத்துவிட்டு நேர்க் குழாயை வெல்டிங் செய்து கொடுக்கும்போது, இவ்வளவு நாள் மூடி வைத்திருந்த குறைதான் மேடையேறுகிறது. பாட வராதவனிடம் மைக்கைக் கொடுத்த கதை. டெசிபல் கணக்கு இன்னும் கொடுமை. காதுக்கு ஒரு சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால், அதன் சக்தி ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். ஓட்டுகிறவருடைய சந்தோஷம் ஒன்றுக்கு இரண்டாக, ஊருக்குப் போகிற அவஸ்தை ஒன்றுக்குப் பத்து. அதிலும் ஓட்டுகிறவர் கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் போட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். குழாயின் வாய் பின்னால். எட்டியாந்தோட்டைப் பக்கம் பாதையோர லயத்தில், விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போக வேண்டியவர் படுத்திருக்கும் சுவர்தான் அந்தக் கச்சேரியின் முதல் வரிசை.

இதற்கு ஆட்சேபனைகள் உண்டு. சைலன்சரைத் திறந்துவிட்டால் இன்ஜின் நன்றாக மூச்சுவிடும், இழுவை கூடும் என்பார்கள். பந்தய இன்ஜினுக்கு, அதுவும் உச்சச் சுற்றில், இதில் உண்மை இருக்கிறது. ஆனால் குழாய்க்குள் ஓடும் ஒவ்வொரு புகைத் துடிப்பும், தன் பின்னால் சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டுதான் போகிறது. சின்ன இன்ஜினுக்கு அகலக் குழாயைப் போட்டால் துடிப்பின் வேகம் குறைந்து, தாழ்ந்த சுற்றில் அந்த இழுப்பு போய்விடும். கடுகண்ணாவை ஏற்றத்தில், நான்கு பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏற்றிய காருக்குத் தேவைப்படுவது தாழ்ந்த சுற்று இழுவைதான். சத்தம் முன்னால் போய்விட, கார் பின்னால் வரும். வளைவில் சத்தம் கேட்டால் எதிரே வருபவர் சுதாரிப்பார், அது பாதுகாப்புத்தானே என்பது அடுத்த வாதம். எதிரே வருபவர் முன்னால் வருகிறார். சத்தம் பின்னால் போகிறது. முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஹோர்ன் என்று ஒன்றை ஏற்கெனவே பூட்டித்தான் கொடுத்திருக்கிறார்கள். பஸ்காரர்களை விட்டுவிட்டு எங்களைக் கேட்கலாமா என்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல்: 2025 ஜனவரியில் பொலிஸார் மேலதிகச் சோடனைகளைக் கழற்றச் சொன்னபோது முதலில் மாட்டியது பஸ்ஸும் ஆட்டோவும்தான்.

கனமான ஆட்சேபனை ஒன்று மிச்சம். பணக்காரக் கம்பனிகளே சத்தத்தை மெருகேற்றி விற்கும்போது ஏழை செய்தால் மட்டும் தப்பா? நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் எங்கே கைவைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 500 கார் மட்டுமே செய்த எல்எஃப்ஏயின் குரலை அமைக்க, இசைக்கருவி செய்யும் யமஹாவைக் கூப்பிட்டார்கள். அவர்கள் புகைக் குழாயோடு நிற்கவில்லை. இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும் பக்கத்துச் சத்தத்தையும் சுருதி சேர்த்து ஓட்டுகிறவரின் காதுக்குக் கொண்டுபோனார்கள். 2012இல் வந்த டொயோட்டா 86இல் அதே வேலையை ஒரு சாதாரண ட்யூப் செய்கிறது: காற்று இழுக்கும் குழாயிலிருந்து கிளம்பி டாஷ்போர்டுப் பக்கம் போய் முடிகிறது. 2011இன் பிஎம்டபிள்யூ எம்5 இன்னும் நாணமற்றது. இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டது. மூன்றும் சொல்வது ஒன்றே: ஆசைப்பட்டவர் காதுக்கு சத்தத்தைக் கொண்டுபோ, அண்டை வீட்டுக்காரரை நடுவில் இழுக்காதே. இதை நகலெடுக்க ஏழைக்கும் முடியும்.

ஆகவே செலவை நான் இந்த வரிசையில் வைப்பேன். முதலில் காருக்குக் கீழே குனிந்து பாருங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் வெடித்து இழுபட்டிருக்கும். துருப்பிடித்த வெப்பத் தகடு ஒரு ஆணி கழன்று, குறிப்பிட்ட ஒரு சுற்றில் மட்டும் தகர டப்பா போலக் கிணுகிணுக்கும். இணைப்பில் கருப்புக் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. இன்ஜின் மவுண்ட் தொய்ந்திருந்தால் ஸ்டியரிங்கே நடுங்கும். நம்மவர்கள் ‘இன்ஜின் சத்தம் நல்லா இல்ல’ என்று குறைப்படுவதில் பாதி இவற்றின் சத்தம். இன்ஜின் பாவம் வாயே திறந்திருக்காது. தகட்டை இறுக்க ஒரு ஹோஸ் கிளிப் போதும். மவுண்டில் இருப்பது பெரும்பாலும் இயற்கை ரப்பர்; ரப்பர் மாவட்டத்துக்காரர் அதில் கஞ்சத்தனம் காட்டுவது மரத்துக்கே அவமானம். அடுத்தது காற்றுப் பக்கம்: சுத்தமான ஏர் ஃபில்டர், ஆசை அடங்காவிட்டால் காற்றுப் பெட்டிக்கு முன்னாலுள்ள குழாயில் சிறு மாற்றம். மிதிக்கும்போது மட்டும் முன்னாலிருந்து ஒரு உறிஞ்சல் கேட்கும், விட்டால் அடங்கும். புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வர்ட்டரை மட்டும் தொடாதீர்கள். அதைக் கழற்றினால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளலாம், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப் பத்திரம் கிடையாது. நிறுத்திவைத்த கார் எந்தச் சுருதியிலும் பாடாது. இத்தனையும் செய்து இன்னும் ஆசை மிச்சமிருந்தால், கடுகண்ணாவைப் பாறையோரம் போகும்போது ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி இரண்டாம் கியரைப் போடுங்கள். பாறை திருப்பிக் கொடுக்கும் சத்தத்துக்கு பில் வராது, வரியும் வராது.