சும்மா இருக்காத சுழி

கேள்வி: ‘சுழி’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்தான் உண்டு?

பதில்: ஆற்றுச் சுழி ஆளை இழுக்கும், பிள்ளையார் சுழி எழுத்தைத் தொடங்கிவைக்கும். ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று. கணக்கில் சுழி என்றால் பூஜ்யம். அதையே 1-க்கு வலப்பக்கம் உட்காரவைத்தால் பத்து! பையன் தலையில் இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்பார்கள் பாட்டிமார்.

மாட்டுச் சந்தையில்தான் சுழிக்கு முழு அதிகாரம். பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு சுழியையும் தேடுவார்கள். நன்றாக உழைக்கும் மாடு, மயிர் சுழன்ற இடம் சரியில்லை என்பதற்காக விலை குறைந்து நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சேட்டைக்காரப் பிள்ளையை, ‘உன் சுழி சும்மா இருக்காதே’ என்கிறோம். ‘சும்மா இரு’ என்று உபதேசித்த ரமணர் 1879-இல் பிறந்த ஊர் எது தெரியுமா? திருச்சுழி!