திறப்பைக் காத்த பெரியோருக்கு

உயர்கல்வியை நடத்தும் பெரியோர்களே, ஏ-32 வீதியில் துணுக்காய்க்குப் பிரியும் சந்தியிலிருந்து, வெள்ளாங்குளத்தின் நன்றி. எங்கள் ஊர்ப் பிள்ளை கலைப்பீடத்தில் சமூக விஞ்ஞானம் படிக்கப் போனாள். அவள் கண் கெட்டுவிடாதபடி கணினியை எட்டவே வைத்துக் காப்பாற்றினீர்கள். பெற்ற தாய்கூட இவ்வளவு பார்க்கமாட்டாள்.

பல்கலைக்கழகங்களுக்கென உலக வங்கிக் கடன் 2003இல் வந்தது, 2010இல் வந்தது. 2017இல் தொடங்கிய 'அஹெட்' திட்டம் மட்டும் 10 கோடி டொலர். அந்தக் காலத்தில் எழுந்த கணினிக்கூடங்களில் ஒன்றை நானும் பார்த்தேன். என்ன பராமரிப்பு! விசைப்பலகைகளில் பொலித்தீன் உறை இன்னும் கிழியவில்லை. திறப்பு பொறுப்பாளரிடம், பொறுப்பாளர் லீவில். இருபது பேர் தட்டித் தேய்த்திருக்க வேண்டிய எழுத்துகள் அன்று வாங்கியது போலவே மினுங்கின. கணக்காய்வாளர் வந்தால் ஒரு பொருளும் குறையாது.

விரிவுரை மண்டபமும் அப்படியே. கதிரைகளை நிலத்தோடு பூட்டியிருக்கிறீர்கள். பிள்ளைகள் வட்டமாயிருந்து விவாதித்துக் கெட்டுப்போக வழியே இல்லை. எறிவி பழுதானதும் மென்பொருளின் திரையை வெண்பலகையில் கீறியே படிப்பித்த விரிவுரையாளரின் ஓவியத் திறனை வளர்த்த பெருமையும் உங்களுடையது. தரவைப் பகுக்கும் 'ஆர்', வரைபடம் போடும் 'கியூஜிஐஎஸ்' போன்ற மென்பொருள்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. சும்மா கிடைப்பதைக் கொடுத்தால் மாணவருக்கு மரியாதைக் குறைவு என்று தொடாமல் விட்டீர்களே, அந்தப் பண்பை எப்படிப் புகழ்வது!

இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் ஊரையே எடுத்தாள். 2008இல் இடம்பெயர்ந்து, போருக்குப் பின் திரும்பி வந்த குடும்பங்கள். வினாக்கொத்தோடு வீடு வீடாக ஏறினாள்: கிணற்றுத் தண்ணீர் எந்த மாதத்தில் உவர்க்கிறது, நுண்கடன் எத்தனை இடத்தில், கட்டுவது யார். பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்து பதில் சொன்னார்கள். யாரும் அதுவரை கேட்காத கேள்விகள் அவை. அந்தத் தாள்களைக் கட்டிக்கொண்டு போனவள், பகுத்துப் பார்க்கத் தெரியாமல் பல்கலைக்கழக வாசலில் உள்ள கொம்பியூட்டர் கடையில் காசு கொடுத்து வரைபடம் போடுவித்தாள். ஒரு கடைக்காரப் பையனைச் சமூக விஞ்ஞானியாக்கிய உங்கள் தாராளம் எந்த நாட்டுக்கு வரும்? எங்கள் சனத்தின் கடன் ஆறு வண்ணத்தில் அழகான வட்டமாக வந்தது. ஆண் தலைமைக் குடும்பங்களையும் பெண் தலைமைக் குடும்பங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்று அந்தப் பையனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவளுக்கு அதைச் செய்யும் வழி யாரும் காட்டவில்லை.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தவர்கள் இன்னும் பதில் கேட்கிறார்கள்.

பெரியோர்களே, இனிப் புகழ எனக்கு வாய் வரவில்லை. இந்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்: பொலித்தீனைக் கழற்றுங்கள். முதலாம் ஆண்டிலேயே தரவைக் கையாளப் படிப்பியுங்கள். திறப்பை மாணவரிடம் கொடுத்து, கூடத்தை இரவு எட்டு மணிவரை திறந்து வையுங்கள்.