ஆசனம் வளையட்டும், மருமவனே!

வா மருமவனே. உக்காருன்னு சொல்ல வாய் வந்துட்டு; ஆனா இப்ப உன்னால அது ஆகாதுல்லா. கயித்துக் கட்டிலு நடுவுல குழிஞ்சு கெடக்கு, அது வேண்டாம். திண்ணையில போர்வையை விரிச்சு மல்லாக்கப் படு. முழங்காலை மடக்கிக்கோ. ஆங், அப்படித்தான்.

20 லிட்டர் தண்ணி கேனை ஒத்தக் கையால தூக்கினியாமே? அதுவும் காதுல போனை வச்சுக்கிட்டு, இடுப்பைத் திருகிக்கிட்டு! உங்கப்பன் நெல்லு மூட்டை தூக்கினவன். அவனே முழங்காலை மடக்கி, மூட்டையை நெஞ்சோட அணைச்சுத்தான் எந்திரிப்பான். அவனுக்கு இல்லாத வீரம் உனக்கு வந்துட்டு. குறுக்கு பிடிச்சுட்டு.

இப்ப மூணு வாரங்கூட ஆவலை, யோகாசனம் பண்ணப் போறேங்குத. பண்ணுலே! தடுத்தா நான் மாமனா? நாளைக்கு விடியக்காலம் எந்திரிச்ச கையோட, பல்லு கூட வெளக்காம, பச்சிமோத்தாசனத்துல ஆரம்பி. காலை நீட்டிக் குனிஞ்சு நெத்தியை முட்டியில முட்டு. ராத்திரி பூரா படுத்துக் கெடந்ததுல முதுகெலும்புக்கு இடையில உள்ள தட்டெல்லாம் தண்ணி குடிச்சு உப்பி நிக்கும். குனிஞ்சா அதுல அமுக்கம் ஜாஸ்தியாகுத நேரம் அதுதான். முன்னால மடங்க மடங்க உள்ள இருக்க கூழு பின்பக்கமாத் தள்ளும். காலுக்குப் போற நரம்பும் அந்தப் பக்கந்தான் இருக்கு. இதைவிட வசதியா யாரு அமைச்சுக் குடுப்பா?

அது பத்தலைன்னா ஹலாசனம் இருக்கு. மல்லாக்கப் படுத்துக் காலைத் தலைக்குப் பின்னால கொண்டு போய் ஊனணும். கலப்பை ஆசனம்னு அர்த்தமாம். ட்ராக்டர் வந்த பொறவு நம்ம வீட்டு நெசக் கலப்பையே தொழுவத்து மூலையில கெடக்கு. நீ எந்த வயலை உழப் போற?

என் மூத்தவ பிசியோதெரபி படிச்சவ. அவ வாசிச்சுச் சொன்னா: அமெரிக்காவுல பெரிய டாக்டர்மாரு சங்கம் 2017ல ஒரு வழிமுறை போட்டிருக்காம். நாள்பட்ட குறுக்கு வலிக்கு மாத்திரையைத் தேடுததுக்கு முன்னால செஞ்சு பாக்க வேண்டியதுல யோகாவையும் சேத்திருக்காங்க. கேட்டதும் உன் மூஞ்சி மலருது பாரு! நாள்பட்டதுன்னா 12 வாரத்துக்கு மேல மருமவனே. அந்தப் பந்தியில உனக்கு இன்னும் எலை போடலை. அதுக்காகப் படுத்தே கெடக்காத. ரெண்டு நாளுக்கு மேல படுக்கையில கெடந்தா குறுக்கு இன்னும் மொரண்டு பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமா நட. வரப்புல வேண்டாம், ரோட்டுல நட.

கீழத்தெருவுல காலு முன்னால பொறந்தவன் ஒருத்தன் இருக்கான்; அவன் மிதிச்சா பிடிப்பு விட்டுரும்னு உங்க அத்தை சொல்லுதா. அவன் பொறந்தப்ப மூணு கிலோ இருந்திருப்பான். இப்ப 90 இருக்கான். நீயே யோசிச்சுக்கோ.

ஒரு விசயத்துல மட்டும் எனக்குக் கேலி வராது. மூத்திரம், வெளிக்கு அடக்க முடியலை, இல்ல மூத்திரம் வரவே மாட்டேங்குது, தொடையிடுக்கு மரத்துப் போகுது, பாதத்தைத் தூக்க முடியாம இழுபடுது, இதுல ஒண்ணு வந்தாலும் ஆசனமும் கெடையாது, மாமனும் கெடையாது. அன்னைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரி. கேட்டியா?

சரி, விசயத்துக்கு வாரேன். எனக்கும் குறுக்கு வலிதான். வயசானதுல முதுகெலும்புக்குள்ள நரம்பு போற வழி சுருங்கிட்டு. பின்னால வளைஞ்சா காலு குடையும், குனிஞ்சா சொகம். உனக்கு நேர்மாறு: குனிஞ்சா சுரீருங்கு, குப்புறப் படுத்து முழங்கையை ஊனி நெஞ்சைத் தூக்கினா எளகுது. ஒரே திண்ணையில ரெண்டு முதுகு, ஒண்ணோட மருந்து இன்னொண்ணுக்கு வெனை. இப்பச் சொல்லு, ஜூன் 21ந் தேதி யோகா தினம்னு மைதானத்துல ஆயிரம் பேரை வரிசையா நிப்பாட்டி எல்லாரும் குனிங்கன்னு மைக்குல சொன்னா, அது யாரு முதுகுக்குச் சொல்லுதது?

பெரியவங்களுக்கு இது தெரியாமயா? சென்னையில தேசிகாச்சார் 1976ல தகப்பனார் கிருஷ்ணமாச்சாரியார் பேருல யோக மந்திரம் ஆரம்பிச்சாரே, அவங்க வழியே ஆளைப் பாத்து ஆசனம் குடுக்குததுதான். அதே கிருஷ்ணமாச்சாரியார்கிட்ட படிச்சவர் புனே பி.கே.எஸ். ஐயங்கார். உடம்பை வில்லா வளைச்சவரு. அவரே மரக்கட்டை, கயிறு, நாற்காலி, போர்வைன்னு முட்டுக் குடுத்துத்தான் சொல்லிக் குடுத்தாரு. உனக்குத் தலகாணி வச்சுக்கிடக் கௌரவம் எடம் குடுக்கலையோ? யோகத்தோட எட்டு அங்கத்துல ஆசனம் மூணாவது. மொத அங்கம் இயமம், அதுல மொதச் சரக்கு கொல்லாமை. கோழியை விட்டாச்சுன்னு பெருமை பேசுத; உன் முதுகு என்ன பாவம் பண்ணுச்சு?

உனக்கு ஏத்தது இருக்கு, பாக்கத்தான் லெச்சணமா இருக்காது. மொதல்ல சவாசனம், முழங்காலுக்குக் கீழ தலகாணி வச்சு. பொறவு நாலு காலுல நின்னு, பூனை மாதிரி முதுகை லேசா ஏத்தி எறக்கணும். மூச்சு எம்புட்டு தூரமோ அம்புட்டு தூரந்தான். மல்லாந்து படுத்து இடுப்பை ஒரு சாண் தூக்கி எறக்கலாம். ஒண்ணையும் போட்டோ எடுத்துப் போட்டா எவனும் லைக்கு போட மாட்டான். அதான் நல்ல ஆசனத்துக்கு அடையாளம்.

எதைச் செஞ்சாலும் வலி எந்தப் பக்கம் நடக்குதுன்னு கவனி. காலுல இருந்த வலி மேல ஏறிக் குறுக்குல வந்து நின்னா, குறுக்கு கூட வலிச்சாலும் நல்ல சேதி. குறுக்குல இருந்து காலுக்கு எறங்குச்சோ, நிறுத்திரு. யோகா மாஸ்டர்ட்ட முன்னாடியே உன் குறுக்கு வலியைச் சொல்லிரு. சொல்லாம பின் வரிசையில ஒளிஞ்சு நின்னா, அவரு நல்ல மனசோட வந்து உன் முதுகுல கையை வச்சு ஒரு அமுக்கு அமுக்குவாரு. பொறவு அவரைக் குத்தம் சொல்லாத.

போதும், எந்திரி. உங்க அத்தை காப்பி கொண்டு வாரா. ஏலேய்! அப்படி வெடுக்குன்னா எந்திரிப்பாக? ஒருக்களிச்சுப் படு மொத. முழங்கால் ரெண்டையும் ஒண்ணாத் திருப்பு. கையை ஊனு. காலைத் திண்ணைக்குக் கீழ தொங்கவிடு. ம், இப்ப எந்திரி. மெதுவா, மெதுவா. காப்பி எங்கயும் ஓடிராது.