புட்டுக்கு மண் சுமந்தவரும் பினியன் சீலும்

மதுரையில் கசிவடைப்புப் பற்றிய ஆதி நூல் திருவிளையாடற் புராணம். வைகை கரையை உடைத்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்றான் பாண்டியன். வந்திக் கிழவியின் பங்குக்கு வந்த கூலியாள் புட்டைத் தின்றுவிட்டுத் தூங்கினார். பிரம்படி அவருக்கு, வலியோ அரசன் உட்பட எல்லார் முதுகிலும். ஆறு ஏன் பெருகியது என்று மட்டும் அரசன் கேட்கவில்லை. மாணிக்கவாசகரைச் சுடுமணலில் நிறுத்தி அந்த வெள்ளத்தை வரவழைத்தவன் அவன்தானே!

அம்பாசிடர் காரின் பின் அச்சுக் கசிவையும் இந்த மரபில் வைத்தே ஆராய வேண்டும்.

தெற்கு மாசி வீதியிலிருந்து கிழக்கு மாசி வீதிக்குத் திரும்புகையில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். மாட்டுவண்டிக்கு இது சிக்கலில்லை. சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழலும். எஞ்சின் ஒன்றே இரண்டையும் தள்ளும்போதுதான் டிஃபரன்ஷியல் வேண்டும். 1827இல் பாரிஸின் பெக்கர் அதற்குக் காப்புரிமை கோரினார். அச்சாணியைப் பாடிய வள்ளுவர் டிஃபரன்ஷியல் எண்ணெயைக் காக்கும் ஆயில் சீலைப் பாடாமல் போனது காலப்பிழையே அன்றிப் புலமைக் குறையன்று.

தரையில் விழும் கறைகளே நம் கல்வெட்டுகள். வண்டியின் நடுவே, பின்னச்சுக்குச் சற்று முன்னால் விழுந்தால் பினியன் சீல். சக்கரத்தின் உட்புறம் நனைந்தால் ஹப் சீல். கந்தக வாடை வீசினால் கியர் ஆயில் என்று துணியலாம். இத்துறையில் அட்டைப் பள்ளி, கந்தைப் பள்ளி என இரு பிரிவுகள் உண்டு. முன்னவர் வண்டிக்கடியில் அட்டை விரிப்பர், பின்னவர் துடைப்பர். "ஒழுகலேன்னா உள்ள ஆயில் இல்லேன்னு அர்த்தம்ணே" என்பார் மூன்றாமவர். தத்துவத்தில் அவரை வெல்ல முடியாது.

சீலை மாற்றுவோர் தனிச் சிறுபான்மை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னச்சை ஸ்டாண்டில் ஏற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் இரு பக்க ஃபிளாஞ்சிலும் கோடு போடுவார்கள். பினியன் நட்டும் தண்டும் எங்கே சந்தித்தன என்று சென்டர் பஞ்சால் குறிப்பார்கள். திரும்ப மாட்டும்போது நட்டை வெறிகொண்டு இறுக்கினால் பினியன் பேரிங் போய்விடும். புது சீலின் உதடு எண்ணெயை நோக்கி உள்ளே பார்க்க வேண்டும். அதில் ஆயில் தடவி, பொருத்தமான குழாய்த்துண்டால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்க வேண்டும். ஃபிளாஞ்சில் பழைய சீல் அறுத்த பள்ளம் ஆழமாயிருந்தால் புது சீலும் ஒழுகும்.

இத்தனை செய்தும் ஒழுகினால்? அச்சுக் கூட்டின் மேலே மூச்சுவிடச் சிறு துளை ஒன்றுண்டு, பிரீதர் என்பார்கள். திருமங்கலத்துக் கரிசல் புழுதி அதை அடைத்துவிட்டால், ஓட்டத்தில் சூடாகும் காற்று வேறு வழியின்றி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். பழி சீலுக்கு. புழுதியை வருடக்கணக்கில் துடைக்காதவரோ பிரம்போடு நிற்கிறார். ஆகவே சீலைத் தொடுமுன் துளையில் கம்பி விட்டுப் பார்ப்பதே இவ்வாய்வின் பரிந்துரை. அதற்குச் செலவில்லை என்பதால் யாரும் மதிப்பதில்லை.

கடைசியில் 90 நம்பர் கியர் ஆயிலை, நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றி மூட வேண்டும். அவ்வாறு வழிவது கசிவாகாது என்பதில் மட்டும் எல்லாப் பள்ளிகளும் ஒருமனப்பட்டுள்ளன.