ஜன்னல் வழியே வந்த ஃபாரின் மாப்பிள்ளை

டாரன்ஸ், கலிபோர்னியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,



குடும்ப வாட்ஸ்அப்பில் நான் போட்ட ஒரு படம் இவ்வளவு கலவரத்தைக் கிளப்பும் என்று நினைக்கவில்லை. ஓரமாக நிறுத்திய ஒரு வேன், அதன் ஜன்னலுக்குக் கீழே கையில் காகிதத் தட்டோடு நான். அவ்வளவுதான் படம். "பையனுக்கு வேலை போயிருச்சா?" என்று அத்தை கேட்டார். "அன்னதானமா?" என்று பெரியப்பா. நீங்கள் ஒருவர்தான் "தட்டில் என்னடா?" என்று கேட்டீர்கள். பரோட்டாக் கடை நடத்தியவர் கேட்கிற கேள்வி. ஆகவே இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும்.

தட்டில் இருந்தது ஜப்பான் பர்கர். முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். அத்தைக்குப் பதில் சொல்ல உங்களுக்கு உதவும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் முன்பெல்லாம் கட்டட வேலை நடக்கிற இடங்களில் டாக்கோ விற்கும் மெக்சிகோக்காரர்களின் வண்டிகள்தான் நிற்குமாம். 2008இல் ராய் சோய் என்ற கொரிய வம்சாவளிச் சமையல்காரர், கொரிய முறையில் ஊறவைத்து வாட்டிய விலாக்கறியை மெக்சிகோ டாக்கோவுக்குள் வைத்து, 'கோகி' என்ற வண்டியில் விற்றார். வண்டி எந்தத் தெருவுக்கு வரும் என்று ட்விட்டரில் அறிவிப்பு. நள்ளிரவில்கூட வரிசை வளைந்து வளைந்து நின்றதாம். அதற்குப் பிறகு வண்டியில் வாங்கித் தின்பது நாகரிகமாகிவிட்டது. இப்போது காரை நிறுத்த இடம் கிடைக்காமல் தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள்தான் வேனில் சாப்பிட வருகிறார்கள்.

வண்டி என்றால் நீங்கள் நினைக்கிற வண்டி இல்லை. உள்ளே அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, கை கழுவும் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. சுகாதாரத் துறை வந்து பார்த்து ஏ, பி, சி என்று மதிப்பெண் போட்டுக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போகும். இன்னொரு சட்டம் கேளுங்கள். வண்டி ஓரிடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால், வேலை செய்கிறவர்களுக்கு 200 அடிக்குள் கழிப்பறை இருந்தாக வேண்டும். ஆக, கூட்டம் வருகிற இடமா என்று பார்த்தால் மட்டும் போதாது. இந்த ஊரில் வியாபார ராசி கக்கூஸ் இருக்கிற திசையையும் பொறுத்தது.

இனி சரக்குக்கு வருகிறேன். கல்லில் நின்றவர் மெக்சிகோக்காரர். உங்களுக்குப் பிடித்திருக்கும், பேச்சே கிடையாது, மணிக்கட்டுதான் பேசுகிறது. கொத்துக்கறி உருண்டையைக் கல்லில் போட்டு, இரும்புப் பட்டையால் ஒரே அழுத்து. சுற்றிலும் ஓரம் மொறுமொறுவென்று கருகி வரும்வரை தொடுவதில்லை. பிறகு ஒரே சுரண்டு, ஒரே புரட்டு. அதன் மேல் டெரியாக்கி ஊற்றுகிறார். சோயா சாஸ், சர்க்கரை, மிரின் என்கிற இனிப்பு அரிசி மது மூன்றையும் பளபளவென்று வரும்வரை சுண்டக் காய்ச்சியது அது. மது கொதியிலேயே போய்விடும் என்கிறார்கள். சித்தியிடமும் அப்படியே சொல்லுங்கள். என்ன கறி என்று கேட்பீர்கள். இந்தக் கடிதம் எப்படியும் அம்மா கைக்குப் போகும் என்பதால் கோழி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெயில் வாட்டிய பன்னில் மயோனைஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், கறி, அதற்கு மேல் ஒரு ஆஃப்பாயில். கடைசியாக ஃபுரிகாகே என்ற பொடியைத் தூவுகிறார். ஜப்பானில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாத நாளில் கைகொடுக்கிற பொடி இது. நூறு வருஷத்துக்கு முன் குமமோட்டோ பக்கத்து மருந்துக்காரர் ஒருவர், ஜனங்களுக்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று மீன் முள்ளை வறுத்து அரைத்து, எள்ளும் கசகசாவும் சேர்த்துக் கொடுத்தாராம். மருந்தாகப் புறப்பட்டது ருசியாகிவிட்டது. கடற்பாசித் தூளும் அதில் உண்டு.

காசு கொடுக்கிற இடத்தில்தான் நம் வீரம் போகிறது. பர்கர் பதினைந்து டாலர், அதன் மேல் வரி. பிறகு ஜன்னலில் காசு வாங்குகிற பெண் ஒரு திரையை நம் பக்கம் திருப்பி வைக்கிறாள். டிப்ஸ் 18 சதவீதமா, 20ஆ, 25ஆ? வைத்ததும் அவள் வேறு பக்கம் பார்க்கிறாள்; பார்க்கவில்லை என்று நமக்குத் தெரிய வேண்டுமல்லவா. பின்னால் வரிசையில் நிற்பவர்களும் அதேபோல எதையும் பார்க்காமல் நிற்கிறார்கள். நான் 20ஐத் தொட்டேன். தயவுசெய்து மொத்தத்தை ரூபாயில் பெருக்காதீர்கள். பெருக்கினால் நம் தெருவுக்கே சால்னாவோடு பரோட்டா போடலாம்.

பக்கத்து வேனில் சாதாரண பர்கர் இதைவிட நாலைந்து டாலர் குறைச்சல். அதே பன், அதே கறி. பிறகு எதற்கு இந்த விலை என்று எனக்கும் உறுத்தியது. விசாரித்ததில் கிடைத்த கதை இது.

1946இல் கிரேக்கக் குடியேறிகளின் மகன் டாம் கூலாக்ஸ் என்பவர், இதே லாஸ் ஏஞ்சல்ஸில் பெவர்லியும் ரேம்பார்ட்டும் சந்திக்கிற முனையில் 'டாமிஸ்' என்று ஒரு சின்ன பர்கர் கடை போட்டார். பிற்பாடு பங்குத் தரகு நிறுவன வேலையாக இந்த ஊருக்கு வந்த சாட்டோஷி சாகுராடா என்ற ஜப்பானியர் அங்கே சாப்பிட்டுச் சாப்பிட்டு, கேட்ட பிறகே சுட்டுத் தரும் அந்த முறையில் மயங்கிவிட்டார். ஊர் திரும்பி 1972இல் டோக்கியோவின் நரிமாசு பகுதியில் 'மோஸ் பர்கர்' தொடங்கினார். அடுத்த வருஷமே டெரியாக்கி பர்கர் வந்தது. 1987இல் பன்னையே எடுத்து எறிந்துவிட்டு, சோற்றை இரண்டு வில்லையாக அழுத்தி நடுவில் கறியை வைத்தார்கள்.

ஜப்பானின் பழைய சங்கதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 675இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, கோழி முதலானவற்றைத் தின்னத் தடை போட்டார். 1872இல் மெய்ஜி பேரரசர் தாமே மாட்டிறைச்சி உண்டு வழிகாட்டிய பிறகுதான் பெரிய இடங்களில் கூச்சம் விட்டது. நூறு வருஷம் நிறைவதற்குள், 1971இல், டோக்கியோவின் கின்சாவில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தாகிவிட்டது. பர்கர் போய்ச் சேர்ந்தது லேசுப்பட்ட இடமில்லை.

அப்படிப் போன பர்கர்தான் சோயா, மிரின் எல்லாம் பூசிக்கொண்டு, புறப்பட்ட ஊருக்கே வேன் ஏறி வந்திருக்கிறது. மேலத்தெருப் பையன் ரெண்டு வருஷம் துபாய் போய் வந்தால் வரதட்சணை ஏறுமே, அந்தக் கணக்குதான் இந்த நாலு டாலரும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு ஜப்பானியர் இருக்கிறார். டாரன்ஸில் ஹோண்டா அலுவலகமும் ஜப்பானியக் கடைகளும் இருப்பதால் அவர்கள் ஜனம் அதிகம். அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கடி கடித்துவிட்டு, "எங்கள் நாட்டில் இப்படி இருக்காது" என்று பணிவாகச் சொன்னார். உப்பு அதிகம், இனிப்பு அதிகம், அளவும் அதிகம் என்றார். சொல்லிவிட்டு இன்னொன்று வாங்க வரிசையில் போய் நின்றார்.

"பண்டம் பிறந்த ஊரில்தான் ருசி" என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். இதை எந்த ஊரில் சேர்ப்பது, சித்தப்பா? கிரேக்கர் மகன் சுட்டது, ஜப்பான்காரர் கொண்டுபோனது, மெக்சிகோக்காரர் புரட்டுவது, விருதுநகர்க்காரன் தின்பது. யோசித்தால் நம் எண்ணெய்ப் பரோட்டாவின் மைதா மட்டும் நம்ம ஊர்க் கரிசலிலா விளைந்தது? கல்லில் நிற்கிறவன் கைதான் பண்டத்துக்கு ஊர் என்று எனக்குப் படுகிறது. உங்களுக்குத் தெரியாததா?

அடுத்த கோடைக்கு நீங்கள் வந்தே ஆக வேண்டும். சாப்பிட மேசை, நாற்காலி கிடையாது. இடுப்பை வளைத்து, தலையை முன்னே நீட்டி, காலை அகட்டி நிற்க வேண்டும். ஆஃப்பாயில் உடைந்தால் மஞ்சள் கரு முழங்கை வரை ஓடும். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள்கூட டையைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டு, தார் ரோட்டுக்கு வணக்கம் வைத்தபடி தின்கிறார்கள். ஆகவே வெள்ளை வேட்டி வேண்டாம். அந்த அரக்குக் கட்டம் போட்ட கைலி உத்தமம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். விசா நேர்காணலில் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் அண்ணன் மகனைப் பார்க்க என்று சொல்லுங்கள். பர்கர் பேச்சை எடுத்தீர்களோ, டிப்ஸ் எத்தனை சதவீதம் தருவீர்கள் என்று அங்கேயே திரையைத் திருப்பிவிடுவார்கள்.

அன்புடன்,
உங்கள் செல்வம்