ஓலைக் கூம்பும் ராக்கெட் தொப்பியும்

குலசேகரப்பட்டினம் தசராவில் வேடம் என்றாலே முதலில் தலைதான். இடுப்பில் எந்தத் துணி இருந்தாலும் சரி, தலையில் என்ன ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் காளியா, ராஜாவா, கரடியா, குரங்கா என்று ஊர் அடையாளம் காணும். விழாவின் உச்சமும் தலையில்தான் இருக்கிறது. பத்தாம் நாள் நள்ளிரவு, கடற்கரையில் சிதம்பரேஸ்வரர் கோயிலுக்கு முன்னால், மகிஷாசுரன் தலையை மாற்றி மாற்றிக்கொண்டு வருவான். யானைத் தலை, சிங்கத் தலை, எருமைத் தலை என்று ஒவ்வொன்றாக முத்தாரம்மன் வதம் செய்வாள். மணலில் லட்சக்கணக்கான பேர் நெருக்கியடித்து நின்று அதைப் பார்ப்பார்கள். பாதிப் பேர் தலையில் ஏதாவது ஒன்று இருக்கும்.

வெளியூர்க்காரர்கள் இதை மாறுவேடப் போட்டி மாதிரி நினைத்துவிடுகிறார்கள். இது நேர்ச்சை. நோய் தீர, பிள்ளை பிறக்க, கடன் அடைய வேண்டிக்கொண்டவர்கள் மாலை போட்டு விரதம் இருப்பார்கள். காளி கட்டுகிறவர்களுக்கு விரதம் இன்னும் கடுமை. கொடியேறியதும் கையில் காப்புக் கட்டி, வேடம் பூண்டு, வீடு வீடாகக் காணிக்கை எடுத்து, அதை முத்தாரம்மன் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். அதே கூட்டத்தில் கரடி உண்டு, கிளி உண்டு, கோமாளியும் உண்டு. நாலு பேரைச் சிரிக்க வைப்பதையும் நேர்ச்சையாக ஏற்றுக்கொள்ளும் அம்மன் இவள். எனக்கு இந்தத் திருவிழாவில் ஆகப் பிடித்தது அதுதான்.

1980களின் நடுவில் என் தம்பிக்கு அம்மை போட்டது. இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே அம்மா அவனுக்கு வேடம் நேர்ந்துவிட்டாள். என்ன வேடம் என்பதை ஆச்சி தீர்மானித்தாள்.

"சின்னப் பிள்ளைக்குக் காளி தாங்காது. கோமாளி கட்டட்டும். இத்தன நாள் அழுத பிள்ளை, கொஞ்சம் சிரிக்க வைக்கட்டும்."

எங்களுடையது உடன்குடி பக்கம். கருப்பட்டியும் பனங்கிழங்கும் ஓலைப்பெட்டியும் இல்லாத வீடு அன்றைக்குக் கிடையாது. ஆச்சி பெட்டி முடைவாள். ஆகவே கோமாளிக் கூம்பும் ஓலையில்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குருத்தோலையை வெயிலில் காயப்போட்டு, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்தில் கீறி வைத்தாள். முடைவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துப் பதம் பார்த்தாள். காய்ந்த ஓலை மடக்கினால் ஒடியும். ஈரம் கூடிப்போனால் பின்னியது பிறகு காய்ந்து தளர்ந்துவிடும்.

அப்புறம் அளவு. ஒரு ஓலைக் கீற்றைத் தம்பியின் நெற்றியில் சுற்றினாள்.

"தலைய ஆட்டாம நில்லுல."

அளவுக்கு மேல் ஒரு விரற்கடை சேர்த்துக்கொண்டாள். உள்ளே பழந்துணி வைத்துத் தைக்க அந்த இடம். விளிம்பிலிருந்து மேலே போகப் போகக் கீற்றுகளை உள்ளே சொருகிக் குறைத்துக்கொண்டே வந்தாள். கூம்பு குறுகியது. பாதிக்கு மேல் வேண்டுமென்றே இடைவெளி விட்டு முடைந்தாள். புரட்டாசி ஐப்பசியில் எங்கள் கரையில் காற்று சும்மா இருக்காது. உயரமான தொப்பி காற்றை வாங்கினால் பிள்ளையின் கழுத்தையும் சேர்த்து இழுக்கும். இடைவெளி இருந்தால் காற்று உள்ளே நுழைந்து வெளியே போய்விடும். இதை அவள் எங்களுக்கு விளக்கவில்லை. விரலால் இடைவெளியைக் காட்டி, வாயால் ஊதிக் காட்டினாள்.

நடுவில் சாயம் ஏற்றிய ஓலை, ரோஸும் பச்சையும். உச்சியில் ஒரு கிலுகிலுப்பை. ஓலையிலேயே சின்ன உருண்டைப் பெட்டி முடைந்து, உள்ளே குன்றிமணி போட்டு மூடியது. வேலியோரம் குன்றிமணி பொறுக்கிக் கொடுத்தது நான். தம்பி நடந்தால் தலைக்கு மேலே கலகலவென்று சத்தம் வரும். வேடம் வருவது அடுத்த தெருவரைக்கும் கேட்கும்.

அவ்வளவு செய்தும் எங்கள் இருவருக்கும் ஆசை ஜிகினாக் கிரீடத்தின் மேல்தான். ராஜா வேடக்காரர்கள் நாடகக்காரர்களிடம் வாடகைக்கு எடுத்துவந்த கிரீடம் அது. கேஸ் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. ஆச்சியிடம் கேட்டேவிட்டான் தம்பி.

"அது யார் யார் தலைக்கோ ஏறினது. இது உனக்குன்னு முடைஞ்சது" என்றாள். அன்றைக்கு அது எங்களுக்குப் பதிலாகவே தோன்றவில்லை.

இன்று அந்த ஜிகினாவுக்குப் பஞ்சமே இல்லை. தசரா நெருங்கினால் குலசேகரப்பட்டினத்திலும் உடன்குடியிலும் திருச்செந்தூரிலும் கிரீடங்கள் கடைவாசலில் வரிசையாகத் தொங்குகின்றன. வெல்வெட் ஒட்டியது, கல் பதித்தது, தங்க வண்ணம் அடித்தது. பின்பக்கம் ஒரு எலாஸ்டிக். எந்தத் தலைக்கும் பொருந்தும். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்கக் கூலிக்குப் போகிறவர் வேடம் நேர்ந்துகொண்டால், முன்பு இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்ட வேண்டும், அல்லது யாரிடமாவது கெஞ்ச வேண்டும். இப்போது ஒரே மாலையில் வாங்கிவிடலாம். அந்தக் கடைக் கிரீடத்திலும் கல்லை ஒவ்வொன்றாக ஒட்டியது ஒரு கைதான். பெரும்பாலும் யாரோ ஒரு பெண்ணின் கை. அதை மறந்து 'ரெடிமேட்' என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ஆனாலும் நெற்றியைச் சுற்றி அளவெடுக்கும் அந்தக் கொஞ்ச நேரம் போய்விட்டது. நோயில் கிடந்து எழுந்த பிள்ளையின் தலையை வீட்டில் ஒருவர் கையால் பிடித்து, இவ்வளவுதான் இந்தத் தலை என்று அறிந்துகொள்ளும் நேரம் அது. வேடம் கட்டுவது ஒருவர்தான், ஆனால் தொப்பி முடையும்போது வீடே அந்த நேர்ச்சைக்குள் வந்துவிடும். எனக்கு அது பெரிய இழப்பு.

2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட்டுகள் இங்கிருந்து தெற்கு நோக்கி, இலங்கையைச் சுற்றிப் போகாமல் நேராகக் கிளம்பும் என்பது கணக்கு. 2,000 ஏக்கருக்கு மேல் நிலம். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் வாயில் வேறு பேச்சில்லை. தம்பி மகனுக்கு வேடம் நேர்ந்தபோது அவன் கேட்டது கோமாளிதான், ஆனால் தலையில் ராக்கெட் வேண்டும்.

முதலில் அவன் வழிக்கே விட்டோம். யூடியூப் பார்த்து, ஃபோம் ஷீட் வெட்டி, க்ளூ கன்னால் ஒட்டினான். பார்க்க அச்சு அசல் ராக்கெட். மாடியில் போட்டு நடந்து பார்த்தபோது காற்று ஒரே தள்ளாகத் தள்ளியது. உள்ளே வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. தம்பி என்னைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆச்சி ஊதிக் காட்டியது ஞாபகம் வந்தது.

குருத்தோலைக்கு அலைய வேண்டியிருந்தது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மரம் நிற்கிறது, ஏறுகிறவர்கள்தான் அருகிவிட்டார்கள். கடைசியில் பக்கத்து ஊரில் பெட்டி முடையும் ஓர் அம்மா காய்ந்த ஓலை கொடுத்தார். விளிம்பு கட்டுவது எனக்குக் கைவந்தது. கீற்றைக் குறைத்துக் கூம்பாக்குவது தம்பிக்கு வந்தது. இடைவெளி விட்டு முடைந்த கூம்பின் அடிப்பாகத்தில் மட்டும் ஃபோம் சுற்றி, வெள்ளை அடித்து, மூன்று இறக்கைகள் ஒட்டினான் பையன். உச்சியில் கிலுகிலுப்பை.

"அத்தை, ராக்கெட்டுக்கு எதுக்குச் சத்தம்?"

"ஏறும்போது சத்தம் வராதால?"

யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டான்.

பனங்காட்டு மண்ணிலிருந்து ராக்கெட் கிளம்பப் போகிறது. அந்தப் பனையின் ஓலையிலேயே ஒரு ராக்கெட் முடைந்ததில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். காணிக்கைக்குப் போன தெருவில் ஒரு பாட்டி, "கோபுரமாய்யா இது?" என்று கேட்டுக்கொண்டே காசு போட்டார். "ராக்கெட்டு ஆச்சி" என்றவன், தலையை ஆட்டிக் கிலுக்கிக் காட்டினான். அவர் சிரித்த சிரிப்பில் அந்த நேர்ச்சை தீர்ந்ததாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

சூரசம்ஹாரத்தில் யானைத் தலையைப் பார்த்த நிமிடத்திலிருந்து பையன் அடுத்த வருடத்துக்கு யானை கேட்கிறான். காதுக்கு இரண்டு சொளகு போதும், அது வீட்டிலேயே இருக்கிறது. தும்பிக்கை ஆடவும் வேண்டும், பாரமாக முன்னால் சாயவும் கூடாது. ஓலையில் வளையம் வளையமாக முடைந்து நாரில் கோத்தால் நிற்கும் என்கிறான் தம்பி. நான் ஒரு வளையம் முடைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.